சப்பரத்தின் பலகைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்குக் காற்றின் வலிமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஏலமலைகளும் கிழக்கே மேகமலையும் சுவரெழுப்பி நிற்க, இடையே நீண்ட வாய்க்காலைப்போல் கிடக்கிறது இந்நிலம். ஆனியிலும் ஆடியிலும் மலைக்கணவாய்களின் வழியே இறங்கும் மேல்காற்று, தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல், வீட்டுக் கதவுகளையும் திண்ணைத் தூண்களையும் வண்டிப் பலகைகளையும் அறைந்து பார்க்கிறது. அக்காற்றோடு வரும் சாரல் மரத்தை நனைக்கிறது. சற்று நேரத்தில் வெயில் வந்து உலர்த்துகிறது. ஐப்பசி பிறந்தால் அடைமழை. பங்குனி, சித்திரையில் கொதிக்கும் வெயில். இரண்டு பருவமழைகளும் எட்டிப் பார்க்கும் இந்தப் பள்ளத்தாக்கு உழவனுக்கு ஒரு வரம். திறந்த வெளியில் கிடக்கும் மரத்துக்கோ அது ஓயாத சோதனை.

வெயிலில் கிடந்த மரம் சாம்பல் நிறம் கொள்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 'மரம் செத்துப்போயிற்று' என்று சொல்லி விறகுக்குத் தள்ளிவிடுகிறோம். உண்மையில் நடப்பது வேறு. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பசைப்பொருள். கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அந்தப் பசையைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. பிணைப்பிழந்த நார்கள் மட்டும் மேலே நரைத்து நிற்கின்றன. ஆனால் அக்கதிர்கள் மரத்துக்குள் ஊடுருவும் ஆழம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்வதற்கில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து மென்மையான ஊசியிலை மரங்களையே நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேய்க்கும் என்பது ஆய்வாளர் கணக்கு. தேக்கு போன்ற கெட்டி மரம் இன்னும் குறைவாகவே தேயும். ஆகவே நரைப்பது வேறு, உளுத்துப்போவது வேறு. முன்னது தோலின் முதுமை. பின்னது உள்ளிருந்து வரும் சாவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான், பிழைக்கக்கூடியதைப் புதைத்தும், பிழைக்காததற்குச் சாயமடித்தும் வருகிறோம்.

இந்த வேறுபாட்டை எங்கள் ஊராருக்குக் கற்பித்தது ஒரு பழைய சப்பரம்.

எங்களுடையது பெரிய பங்கு அன்று. பங்குத்தந்தை ஞாயிறுதோறும் வந்து திருப்பலி நிறைவேற்றிச் செல்லும் ஒரு கிளைக்கிராமம். ஆலயமும் சிறிது, திருவிழாவும் சிறிது. ஆனால் மே மாதத்தில் மாதாவின் சப்பரம் தெருவுக்கு வரும் இரவு எங்கள் ஊருக்கு ஆண்டின் தலையாய இரவு. திருப்பூரிலும் கோவையிலும் கேரளத்துத் தோட்டங்களிலும் வேலைக்குப் போனவர்கள் அன்றைக்கு எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். சப்பரத்தின் அமைப்பு எளியது. அடியில் இலுப்பை மரச் சட்டம்; அதன்மேல் பதினொரு தேக்குப் பலகைகளால் ஆன தட்டு; தட்டின் நடுவே சுரூபம் நிற்கும் பீடம்; நான்கு மூலையிலும் மேற்கட்டியைத் தாங்கும் கால்கள்; தோளில் சுமக்க இருபுறமும் இரண்டு நீண்ட வாரைகள். திருவிழா முடிந்ததும் சப்பரம் ஆலயத்தின் பின்னாலுள்ள தகரக் கொட்டகைக்குப் போய்விடும். கொட்டகையின் மேற்குப் பக்கத்துக்குத் தட்டி கிடையாது. ஆகவே ஆண்டில் ஓர் இரவு மலரும் மெழுகுவர்த்தியும் காண்கிற அந்தப் பலகைகள், மற்ற நாள்களில் மேல்காற்றையும் சாரலையும் மாலை வெயிலையுமே கண்டுவந்தன.

போதாக்குறைக்கு நம் பக்தியும் பலகைமேல் ஒரு சுமையாக இறங்கியது. தென் மாவட்டங்களில் தேர்பவனி கண்டவர்களுக்கு இது தெரியும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் சப்பரம் தம் வாசலுக்கு வரும்போது கை நிறைய உப்பையும் மிளகையும் அள்ளித் தட்டின்மேல் வீசுவார்கள். நோயும் துன்பமும் உப்பாய்க் கரையட்டும் என்பது அந்த எளிய மக்களின் செபம். அந்தச் செபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் தாயும் அவ்வாறு வீசியவரே. ஆனால் பலகை இடுக்கில் தங்கிவிட்ட உப்பு ஆண்டு முழுவதும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மரத்தில் சேர்க்கிறது, இரும்பாணியை அரிக்கிறது. துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் கறுக்கிறது, பிறகு இளகுகிறது. உருகி வழிந்த மெழுகோ அந்த ஈரம் மேலே வழியாகத் தப்ப முடியாமல் மூடிவிடுகிறது. இப்படி ஆண்டுகள் பல சென்றபின், ஒரு திருவிழா இரவில், பீடத்துக்குப் பூமாலை சார்த்த மேலே ஏறிய இளைஞனின் காலடியில் தட்டின் ஓரப்பலகை முறிந்தது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. சப்பரம் அந்நேரம் தோள்களின்மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி ஊரே ஒரு கணம் வாயடைத்து நின்றது.

அடுத்த தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலிக்குப்பின் கூட்டம் கூடியது. கருத்து மூன்றாகப் பிரிந்தது. முறிந்த பலகையை மாற்றி, எல்லாவற்றுக்கும் நல்ல சாயமாக அடித்துவிட்டால் போதும் என்றனர் சிலர். மரமே வேண்டாம், இரும்புக் குழாயால் புதுத்தேர் செய்து, சக்கரம் பூட்டி, மின்விளக்கு வைத்து டிராக்டரால் இழுக்கலாம் என்றனர் இளைஞர். பொறியியல் படித்த ஒரு தம்பி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் எவரிடமும் விடையில்லை: "முன்னே தூக்குறதுக்கு நூறு தோள் இருந்துச்சு. இப்ப திருவிழாவுக்கு வர்றவங்க பாதிப் பேர் காலையிலே வந்து ராத்திரியே பஸ் ஏறுறாங்க. யார் தூக்குறது, சாமி?" பழையதைச் செப்பனிட்டே ஆகவேண்டும் என்ற மூன்றாம் கூட்டத்தில் நான் இருந்தேன். ஆயினும் அந்தத் தம்பியின் கேள்வி நியாயமானது என்பதையும் உணர்ந்தேன். பங்குத்தந்தை ஒன்றே சொன்னார்: "முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு பேசுவோம்."

அருகிலுள்ள ஊரிலிருந்து ஆசாரி ஒருவர் வந்தார். கிறிஸ்தவர் அல்லர்; கோவில் வாகனங்களும் வண்டிகளும் செய்த பரம்பரை. வந்ததும் எதையும் பேசவில்லை. சாக்குத் தைக்கும் கோணூசி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பலகையிலும் நுனியிலிருந்து நுனிவரை குத்திக்கொண்டே போனார். ஊசி இறங்காத இடத்தில் தலையசைத்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு எழுந்து சொன்னார்: "மூணு பலகை போச்சு, வாத்தியாரய்யா. எட்டு நல்லாருக்கு. மேல்தோலுதான் நரைச்சுக் கெடக்கு. உள்ளே பொன்னு மாதிரி இருக்கு. இலுப்பைச் சட்டத்துக்கு இன்னும் ரெண்டு தலைமுறை ஆயுசு உண்டு. ஆனா இந்தப் பெயிண்டை எடுக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

சாயத்தை எடுப்பதற்கு ஏன் அத்தனை அவசியம் என்று பலர் கேட்டனர். அதற்கும் அவர் விளக்கம் வைத்திருந்தார். எவ்வளவு தடித்த சாயமாயினும், மரம் ஈரத்தில் பூரித்து வெயிலில் சுருங்கும்போது, அதனோடு பூரிக்கவும் சுருங்கவும் மாட்டாமல் ஒருநாள் வெடித்துவிடும். அந்த மயிர்க்கோட்டு வெடிப்பில் நீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியேற வழியிராது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கச் செய்யும் பூஞ்சை அதில் வளராது என்று அறிவியல் நூல்கள் கூறுகின்றன. வெறுமனே நரைத்த பலகை மழை நின்றதும் காய்ந்து அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. சாயத்தால் மூடுண்ட பலகையோ காய்வதேயில்லை. எங்கள் தட்டில் உளுத்த மூன்று பலகைகளும் சாயம் மிகப் பளபளப்பாக இருந்த முன்பக்கத்துப் பலகைகளே என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

சுரண்டும் வேலை தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் தொடங்கியது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். 2017 நவம்பர் முதல் நாளிலிருந்துதான் நம் நாட்டில் வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதன்முன் அடித்த சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சு. ஆகவே மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அப்பக்கம் வரவிடாமல், பலகைகளை நனைத்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுரண்டினோம். சுரண்டிய கசடு வாய்க்காலில் சேராதபடி சாக்கில் கட்டிவைத்தோம். மெழுகு படிந்த இடங்களில் மூங்கில் சில்லால் கிள்ளியெடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளை விரித்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தபோது, எஞ்சிய மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொண்டது. சிவப்புக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில்தான் மரம்.

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுந்தது. தட்டின் முன்பலகையில், பச்சைச் சாயத்தின்மேல் மஞ்சள் எழுத்தில், ஒரு குடும்பத்துப் பெரியவரின் பெயரும் 'உபயம்' என்னும் சொல்லும் எழுதப்பட்டிருந்தன. பின்னால் அடித்த சிவப்பு அந்த எழுத்துகளைச் சுற்றிலும் கவனமாக ஒதுக்கியே அடிக்கப்பட்டிருந்தது. அந்த முன்பலகை உளுத்துப்போன மூன்றில் ஒன்று. அப்பெரியவரின் பேரர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் ஆத்திரப்பட்டதில் வியப்பில்லை. "எங்க தாத்தா நெல் வித்துக் கொடுத்த பணம். அவர் பேரைச் சுரண்டி எறிஞ்சிட்டு அப்புறம் என்ன மாதாவுக்கு அலங்காரம்?" என்று அவர் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. அவருக்கு அது வெறும் எழுத்தன்று. தம் பாட்டனார் இவ்வுலகில் விட்டுச்சென்ற கையொப்பம். பெயரிருந்த பலகையை எடுத்தால் ஒரு குடும்பம் ஆலயத்தை விட்டே விலகக்கூடும். எடுக்காவிட்டால் சப்பரம் சுமக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து. மூன்று நாள் வேலை நின்றது.

நான்காம் நாள் ஆசாரி அந்தக் குடும்பத்தாரையே வரச்சொல்லி, அவர்கள் பார்த்திருக்க, பெயருக்கு ஒரு சாண் தள்ளிப் பச்சைச் சாயத்தை மெல்ல உரித்தார். அடியிலிருந்த நீலத்தில் வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. அதுவும் ஓர் உபயந்தான். பெயர் அழிந்துவிட்டது, 'குடும்பத்தார்' என்னும் சொல் மட்டும் அரைகுறையாக நின்றது. யார் குடும்பத்தார்? ஊரில் எண்பதைக் கடந்த மூவரைக் கேட்டோம், எவருக்கும் நினைவில்லை. பேரர் நெடுநேரம் அந்த நீல எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் பாட்டனார் நற்செயல் செய்தபோது, அதற்குமுன் நற்செயல் செய்த ஒருவரின் பெயரின்மேல்தான் தம் பெயரை எழுதுவித்திருக்கிறார் என்பது அவருக்கு விளங்கியது. அவரைக் குற்றம் சொல்ல எவரும் வாய் திறக்கவில்லை. அவரும் எதுவும் பேசவில்லை. போகும்போது, "செய்யுங்க ஆசாரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இனி சப்பரத்தின்மேல் எவர் பெயரும் எழுதுவதில்லை என்றும், உபகாரிகளின் பெயர்களை ஆலயப் பதிவேட்டில் எழுதிவைத்து, ஆண்டுதோறும் திருவிழாவின் நவநாள்களில் ஒருநாள் திருப்பலியில் அவர்களை நினைவுகூர்வதென்றும் பின்னர் முடிவாயிற்று. அப்பதிவேட்டின் முதல் வரி, பெயர் தெரியாத அந்த நீல எழுத்துக் குடும்பத்தாருக்கு உரியது.

பிறகு வேலை விரைவாக நடந்தது. எட்டுப் பலகைகளையும் கழற்றி, உப்புப் போக நல்ல நீரில் பன்முறை கழுவி, நிழலில் அடுக்கி இரண்டு வாரம் காற்றாட விட்டோம். ஆணித்துளைகளைச் சுற்றியிருந்த கருங்கறை, சாயக்கடையில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தடவியபோது வெளுத்தது. இரும்புத் துருவும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் கூடி உண்டாகும் கறையை அது நீக்கும். ஆனால் அது நச்சுப்பொருள் ஆகையால் கையுறை அணிந்து, முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பின்னர் உப்புத்தாள். முதலில் 60-ஆம் எண், அடுத்து 80, முடிவில் 120. எப்போதும் நாரோட்டத்தின் வழியே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். மேலும் வழவழப்பாக்க இளைஞர் விரும்பினர். "கண்ணாடி மாதிரி ஆக்கினா எண்ணெய் எங்கே போயி உக்காரும்? ஏறி நிக்கிறவன் கால் வழுக்காதா?" என்று ஆசாரி தடுத்துவிட்டார். உப்பின் கேட்டை உப்புத்தாளே துடைத்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்தனர். இரும்பாணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி வந்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு நாணயக் கனத்துக்கு இடைவெளி விடப்பட்டது. மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை, அகலவாக்கில்தான் பூரிக்கிறது. பூரிக்க இடமும், நீர் வடிய வழியும் அதற்கு வேண்டும். பலகையின் வெட்டுமுனைகள், மேற்பரப்பைக் காட்டிலும் பன்மடங்கு நீரை உறிஞ்சக்கூடியவை. ஆகவே அவற்றுக்கு இருமடங்கு கவனம்.

மேலே எதைப் பூசுவது? வார்னிஷ் உடனே மின்னும். ஆனால் அதுவும் சாயத்தைப்போல் மேலே ஒரு தோலாகத்தான் நிற்கும்; வெயிலில் உரியும்; உரிந்தால் முழுவதையும் சுரண்டி மீண்டும் தொடங்கவேண்டும். எண்ணெயோ நாருக்குள் இறங்கும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது. அது உலர்வதில்லை, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு தானே இறுகும் இயல்புடையது. மலைக்கு அப்பால் ஆலப்புழைப் பக்கத்துச் சுண்டன் வள்ளங்களுக்கு அவர்கள் மீனெண்ணெய் பூசிவருவதும் இந்த அறிவின் வேறொரு வடிவமே. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சிறிது டர்பன்டைன் கலந்து, துணியால் தேய்த்து, மரம் குடித்தது போக எஞ்சியதைத் துடைத்தெடுத்து, உலரவிட்டு, மூன்று முறை பூசினோம். ஓர் எச்சரிக்கை: அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், இறுகும்போது உண்டாகும் வெப்பத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பின்னரே எறியவேண்டும். முதல் பூச்சு இறங்கியபோது சாம்பலாய்க் கிடந்த பலகையில் தேக்கின் பொன்னிறமும் அதன் வரிகளும் எழுந்துவந்ததைக் காண ஊரே கொட்டகைக்கு வந்து நின்றது.

கடைசியாக வாரைகள். அவற்றில் சாயம் எப்போதும் நின்றதில்லை, தோள்பட்டு உரிந்துவிடும். தோள் பொருந்தும் இடங்களில், முன்னும் பின்னுமாக, மரம் சற்றே குழிந்து எலும்பைப்போல் வழவழப்பாகியிருந்தது. அவற்றையும் இழைத்துச் சமமாக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "இது தேஞ்சதில்லய்யா. இது பழகினது. இதை இழைச்சா புதுசா வர்ற தோளுக்கு இடம் தெரியாது" என்றார். வாரைகளுக்கு எண்ணெய் மட்டும் பூசினோம்.

அந்தச் சொல்லை நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். முன்பலகையில் பெயர் எழுதினவர்கள் இருவர். இருவர் பெயரும் சாயத்தோடு போயிற்று. வாரைக்குத் தோள் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எழுதிவைக்கவில்லை; ஆனால் அவர்களுடைய குறி மரத்திலேயே இருக்கிறது. விடுதலைப் பயண நூலில் உடன்படிக்கைப் பேழையைச் செய்யும் முறை விரிவாகச் சொல்லப்பட்டிருப்பதை வாசகர் அறிவர். சித்திம் மரம் எனப்படும் ஒருவகை வேலமரத்தால் பேழையைச் செய்து, உள்ளும் புறமும் பொன் வேயச் சொன்ன இறைவன், அதைச் சுமக்கும் தண்டுகளைப் பற்றி ஒரு தனிக் கட்டளை தருகிறார்: அவை வளையங்களிலேயே இருக்கவேண்டும், கழற்றப்படலாகாது. பேழை நிலையாக ஓரிடத்தில் தங்கியிருக்கும்போதும் சுமப்பதற்கு அணியமாய் நிற்கவேண்டும் என்பதே அதன் பொருளென நான் கொள்கிறேன். தேரோ சப்பரமோ, அது நம் தெருவுக்கு வருவதால் நமக்குப் பெருமை என்றுதான் பெரும்பாலும் எண்ணுகிறோம். எந்தத் தெருவுக்கு வரலாம், எந்தத் தெருவுக்கு வரலாகாது என்று சண்டையிட்டுக் காவல்துறைவரை போன வெட்கக்கேடும் தமிழகக் கத்தோலிக்கச் சமூகத்துக்குப் புதிதன்று. அந்தச் சண்டைகளெல்லாம் சாயத்தின்மேல் நடப்பவை. மரத்தில் மிஞ்சுவது சுமந்த தோளின் குழி ஒன்றே. அந்தக் குழியைத் தடவிப் பார்த்து எந்தத் தெருத் தோள் என்று சொல்ல எந்த ஆசாரியாலும் முடியாது.

பொறியியல் படித்த தம்பியின் கேள்விக்கு மரவேலை விடை தரவில்லை. விடையை அவனே கண்டான். ஊருக்கு வெளியே உள்ள நீண்ட சாலைக்கென, சப்பரத்தை அப்படியே தூக்கிவைத்து உருட்டிச் செல்ல ஒரு தாழ்வான சக்கரவண்டியை அவன் வரைந்து கொடுத்தான், தெருக்களுக்குள் தோள். ஆடவர் தோள் குறைகிறதென்றால் நாங்கள் இல்லையா என்று இளம்பெண்கள் சிலர் கேட்டனர். சிலர் முகம் சுளித்தனர், பங்குத்தந்தை சுளிக்கவில்லை. அந்த உரையாடல் இன்னும் முடியவில்லை. ஆனால் இரும்புத்தேர்ப் பேச்சு நின்றது. கொட்டகையின் மேற்குப்புறத்துக்கும் தட்டி வந்துவிட்டது. உப்பும் மிளகும் வீசும் வழக்கத்தை எவரும் தடை செய்யவில்லை. பீடத்தின் முன் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைக்கப்பட்டது. வேண்டுதல் தாம்பாளத்தில் விழுகிறது, பலகை பிழைக்கிறது.

பெரிய தேர்களுக்குப் பாதுகாவலர்கள் உண்டு. 1806-இல் முதன்முதலாகப் பவனி வந்த தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தங்கத்தேர் 2013-இலும் 2023-இலும் வீதிக்கு வந்தபோது நாடெங்குமிருந்து மக்கள் திரண்டனர். நம் பக்கத்து வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் தேரோட்டத்துக்குத் தேனி மாவட்டமே கூடுகிறது. அத்தகைய தேர்களைப் பேண ஆளும் பொருளும் எப்படியாவது வந்துசேரும். ஆனால் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில், தகரக் கொட்டகைகளில் சாய்ந்து கிடக்கும் சப்பரங்களை யார் எண்ணுகிறார்கள்? திருவிழாவுக்கு முந்திய வாரம் கதவைத் திறந்து, தூசி தட்டி, மேலே ஒரு பூச்சு அடித்து, வண்ணத்தாள் ஒட்டிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்த ஒரு பூச்சு, கோணூசியால் குத்திப் பார்க்கவேண்டிய இடங்களையெல்லாம் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நம் வாழ்விலும் இதுதானே நிகழ்கிறது? குடும்பத்தில், பங்கில், அன்பியத்தில் ஏதோ ஒன்று மங்கிவிட்டதென்றால், ஒன்று தூக்கி எறியத் துடிக்கிறோம், அல்லது மேலே பூசி மறைக்கிறோம். முதியவர்களின் நரையைக் கண்டு அவர்கள் உள்ளம் உளுத்துவிட்டதென்று முடிவு கட்டுகிறோம். பளபளப்பாய்ப் பேசுகிறவர்களின் உள்ளே ஊசி இறங்குமா என்று சோதிப்பதில்லை. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்ன இறைவன், புறத்தை மட்டும் பூசினால் போதும் என்று சொல்லவில்லை. எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்று தெரிந்துகொள்ள முதலில் குனிந்து, கைவைத்து, சற்று வலிக்கும்படி குத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. அதற்குப் பொறுமையும் வேண்டும். கழிக்கப்படுவது நம் பெயராக இருந்தால் அதைத் தாங்கும் மனமும் வேண்டும்.

எண்ணெய் பூசிய மரம் அத்தோடு காலமெல்லாம் நிற்காது. ஓர் ஆண்டு வெயிலுக்கும் காற்றுக்கும் பின் மீண்டும் வறளும். மீண்டும் துடைத்து ஒரு பூச்சுத் தரவேண்டும். இது குறைபோலத் தோன்றினாலும் இதுவே அதன் நன்மை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பலகைகளைத் தொட்டுப் பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. எங்கள் ஊரில் அந்தப் பணிக்கு மே முதல் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பருக்கென ஏற்படுத்திய திருநாள் அது. ஒரு தச்சரின் திருநாளில் மரத்துக்கு எண்ணெய் இடுவதைவிடப் பொருத்தமான வழிபாடு வேறென்ன? அன்று ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர் துணியும் கிண்ணமுமாக வருகிறார்கள். இரண்டு மணி நேர வேலை. அருமை வாசகர்களே, உங்கள் ஊர்க் கொட்டகையிலும் ஒரு சப்பரம் இருக்கலாம். திருவிழா வரும்வரை காத்திராமல் இந்த வாரமே ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். கையில் ஒரு கோணூசி இருக்கட்டும்.